காற்றில்லாத நாளில் கிழிந்த கூடு

ஒரு காட்டில், மலை இறங்கி வந்து முடிகிற இடத்தில், ஒரு பெரிய மாமரம் நின்றது. அந்த மரம் யாருடையது என்று கேட்டால், கிளி "என்னுடையது" என்று சொல்லும். குயிலும் "என்னுடையது" என்று சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். உண்மையான சொந்தக்காரர்கள் முசுறுகள்தான்.

முசுறு தெரியாத பிள்ளைகள் இருக்க மாட்டீர்கள். மாங்காய் பறிக்க மரம் ஏறியவனை நாலு கடி கடித்து, ஏறிய வேகத்தில் இறங்க வைக்கிற செவ்வெறும்புதான் முசுறு.

முசுறுகளுக்குத் தொழில் தையல். இலையோடு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவார்கள். ஒரு வரிசையில் நிற்பவர்கள் ஓர் இலையில் காலை ஊன்றிக்கொண்டு, அடுத்த இலையின் ஓரத்தை வாயால் கவ்வி இழுப்பார்கள். எட்டவில்லை என்றால் ஒருத்தி இடுப்பை ஒருத்தி கவ்விக்கொண்டு சங்கிலியாக நீளுவார்கள். இரண்டு ஓரமும் நெருங்கி வந்ததும், தையற்காரி ஒரு முசுறுக் குட்டியை வாயில் தூக்கிக்கொண்டு வருவாள். கால் முளைக்காத அந்தக் குட்டியின் வாயிலிருந்து பட்டு நூல் வரும். இந்த ஓரத்தில் ஒரு தொடு, அந்த ஓரத்தில் ஒரு தொடு என்று தைத்துக்கொண்டே போவாள். ஊசியும் குட்டிதான், நூலும் குட்டிதான்.

அந்த மரத்துத் தையற்காரிகளில் சிவத்திக்குத் தனி மரியாதை. அவள் தைத்த கூடு ஒன்றுகூட அதுவரை கிழிந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. உணர்கொம்புகள் இரண்டையும் நிமிர்த்திக்கொண்டுதான் கிளையில் நடப்பாள். "நான் தைச்சா, மரம் விழுந்தாலும் கூடு விழாது" என்று யார் கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

வேலை மேஸ்திரியின் பெயர் முடுக்கி. "சீக்கிரம், சீக்கிரம்!" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு சொல் வருவதே அபூர்வம்.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கூடு கிழிந்தால் அதை யாரும் பார்க்கக் கூடாது, அதைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது. பார்த்தாலோ பேசினாலோ அடுத்த கூடும் கிழிந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். கிழிந்த கூட்டை உடனே காம்போடு கடித்து அறுத்துக் கீழே தள்ளிவிடுவார்கள். என்ன ஆயிற்று என்று ராணி கேட்டால், "காத்து அடிச்சுதும்மா, போச்சு" என்பார்கள். ராணியும், "காத்துக்கு நாம என்ன பண்ண முடியும்" என்று தலையாட்டிவிடுவாள்.

இப்படியே வருஷா வருஷம் கூடுகள் கிழிந்தன. வருஷா வருஷம் காற்று திட்டு வாங்கியது. பாவம், அதற்கு மட்டும் வாய் இருந்திருந்தால் வழக்குப் போட்டிருக்கும்.

ஒரு வருஷம், ஆனி மாதம். ராணி இருந்த கூட்டின் இலைகள் காய்ந்து மொறமொறவென்று ஆகிவிட்டன. ஆடி பிறந்தால் மலையிலிருந்து பேய்க்காற்று இறங்கும். அதற்குள் ராணிக்கும் அவள் இட்ட முட்டைகளுக்கும் புதுக் கூடு வேண்டும். தாய்க்கூடு என்று அதற்குப் பெயர். அது நிலைத்தால்தான் அந்தக் குலம் நிலைக்கும். போயிற்றென்றால் முட்டையெல்லாம் மழையில் போகும், அடுத்த வருஷம் அந்த மரத்தில் முசுறு என்ற பேச்சே இருக்காது.

தாய்க்கூடு தைக்கிற வேலை சிவத்திக்கு வந்தது. வராமல் யாருக்கு வரும்?

வழக்கமாக அவள் நன்றாக முற்றிய இலையாகப் பார்த்துத்தான் எடுப்பாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது, கைப்பழக்கம். முற்றிய இலை லேசில் வளையாது, இழுத்து முடிக்க நாளாகும். ஆனால் இந்தத் தடவை மரத்து முசுறுகள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"அதோ அந்தக் கிளை நுனியைப் பாரு. கொத்துக் கொத்தாத் தளிர் விட்டிருக்கு. தொட்டாலே வளையுது. அங்க தைச்சா சட்டுனு முடிஞ்சிடும்" என்றாள் முடுக்கி.

செம்பு நிறத்தில், ஈரத் துணி போலத் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது மாந்தளிர். சிவத்தி ஒரு கணம் யோசித்தாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசித்துக்கொண்டே நிற்பது அவளுக்குக் கௌரவமாகப் படவில்லை.

"இதுக்கென்ன, கண்ணை மூடிக்கிட்டுத் தைப்பேன்" என்று இறங்கிவிட்டாள்.

தளிர் சொன்னபடி கேட்டது. மளமளவென்று கூடு எழுந்தது. "இத்தனை சீக்கிரத்தில் ஒரு தாய்க்கூடா!" என்று மரமே வாய் பிளந்தது. சிவத்தியின் உணர்கொம்புகள் அன்றைக்கு வானத்தைத் தொட்டன. முட்டைகளையும் குட்டிகளையும் புதுக் கூட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ராணி கடைசியில் வருவதாக ஏற்பாடு.

சில நாள் போயிற்று. ராணி வருவதற்கு முந்தின நாள், நல்ல உச்சி வெயில். சரக்கென்று ஒரு சத்தம். கூடு மேலிருந்து கீழ்வரை பிளந்தது. முட்டைகள் பொலபொலவென்று கொட்டின.

ஐயோ என்று அலறிக்கொண்டு எல்லோரும் அடிமரத்தை நோக்கி ஓடினார்கள். சருகுக்குள் தலையை விட்டுத் தேடித் தேடி, கிடைத்ததையெல்லாம் வாயில் கவ்விக்கொண்டு ஏறினார்கள். ஆனால் தரை கட்டெறும்புகளின் ராஜ்யம். அவர்கள் சும்மா இருப்பார்களா? நிறைய முட்டைகள் திரும்பி வரவேயில்லை.

சிவத்தி அசையாமல் நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

முடுக்கி அவள் காதோரம் வந்தாள். "இங்க பாரு, உன் பேரு கெடக் கூடாது. கூட்டை அறுத்துத் தள்ளிடலாம். அம்மா கேட்டா என்ன சொல்லணும்னு உனக்குத் தெரியுமில்ல?"

ராணி கேட்டாள். "என்ன ஆச்சு சிவத்தி?"

சிவத்தியின் வாய் தானாகச் சொன்னது: "காத்து அடிச்சுதும்மா, போச்சு."

பக்கத்து நாவல் மரத்தில் ஓர் அணில் இருந்தது. அதற்கு நாக்கு நீளம். மாம்பழத்தின் மேல் கொள்ளை ஆசை, முசுறுக் கடிக்குப் பயந்து இந்தப் பக்கம் வருவதில்லை. அந்த எரிச்சலையெல்லாம் கேலி பேசித் தீர்த்துக்கொள்ளும். இதைக் கேட்டதும் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

"என்னது, காத்தா? காலையிலேருந்து ஒரு இலை அசையலையே தாயே! புழுக்கம் தாங்காம நான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கிடக்கேன். எங்க அடிச்சுது அந்தக் காத்து? சொன்னா நானும் வந்து உட்கார்ந்துக்குவேன்!"

முசுறுகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிவத்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அணில் சிரித்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறொன்று. 'காத்து அடிச்சுது' என்று தன் வாயாலேயே சொன்னோமே, அப்படியானால் காற்றுக்குக் கிழிகிற தையலா என் தையல்? ஒரு பொய்யைச் சொல்லி என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று பார்த்தால், என் தையலை நானே கேவலப்படுத்திவிட்டேனே! அந்த நினைப்பு வந்ததும் அவளால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. நேரே கிளை நுனிக்குப் போனாள்.

அங்கே முடுக்கியின் ஆட்கள் கூட்டின் காம்பை அறுக்க வாயைத் திறந்திருந்தார்கள்.

"தொடாதீங்க!" என்றாள் சிவத்தி.

"கிழிஞ்சதைப் பார்க்கக் கூடாது சிவத்தி. பார்த்தா அடுத்ததும் கிழியும்" என்றாள் அவர்களில் ஒருத்தி.

"பார்க்காம விட்டதெல்லாம் கிழியாமலா இருந்துச்சு? நகருங்க."

அவர்கள் பயந்து நகர்ந்தார்கள். சிவத்தி கிழிந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண் விரிந்தது. பட்டு நூல் ஓர் இடத்தில்கூட அறவில்லை! தைத்தது தைத்தபடி இருந்தது. தையலுக்குப் பக்கத்தில் இலைதான் கிழிந்திருந்தது.

"என் தையல் தோக்கலை!" என்று கத்தினாள்.

கத்தின மறுகணமே சுருதி இறங்கிவிட்டது. தையல் தோற்கவில்லை, சரி. கூடு கிழிந்ததே? முட்டைகள் போனதே? தையல் தன்னுடையது என்றால், இலையைத் தேர்ந்தெடுத்ததும் தான்தானே?

இலையைத் திரும்பவும் பார்த்தாள். தைத்த அன்றைக்குச் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கிய இலை இது. இப்போது பச்சையாக, விறைப்பாக நிமிர்ந்து நின்றது. அவள் தைத்தபோது இருந்த அளவைவிட நீளமாகவும் இருந்தது. சிவத்திக்குச் சந்தேகம் பொறி தட்டியது.

மறுநாள் எல்லோரும் கூடியிருந்த நேரத்தில் ராணியின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, நேத்து நான் காத்துன்னு சொன்னது பொய்."

கூட்டம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.

"பின்னே கூட்டை யாரு கிழிச்சது?" என்றாள் ராணி.

"நான்தான். எப்படிக் கிழிச்சேன்னு பாதிதான் தெரியுது. மீதியும் தெரிஞ்சுக்க விடுங்க. அதுவரைக்கும் அந்தக் கூட்டை யாரும் அறுக்கக் கூடாது."

முடுக்கி குதித்தாள். "அம்மா, ஆடி வாசல்ல வந்து நிக்குது! இவ ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கட்டும், நான் அடுத்த தளிர்க்கொத்துல சட்டுனு தைச்சு முடிச்சுடறேன்."

"தளிர்ல தைக்காதே" என்றாள் சிவத்தி.

"ஏனாம்?"

"ஏன்னு தெரிஞ்சுக்கத்தான் நேரம் கேக்கறேன்."

ராணி யோசித்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை முறை 'காத்துதானே' என்று தலையாட்டியிருக்கிறாள்! ஒரு முறைகூட, ஒருத்திகூட, 'நான்தான்' என்று சொன்னதில்லை. தரையில் போன முட்டைகளை நினைத்தாள்.

"சிவத்தி, உனக்கு நேரம் தரேன். கொஞ்சம்தான்" என்றாள்.

சிவத்தி என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு இளந்தளிர்களை இழுத்து அவற்றுக்கு நடுவே ஒரு தையல் போட்டாள். அடுத்த கிளையில் இரண்டு முற்றிய இலைகளை இழுத்து அங்கேயும் ஒரு தையல் போட்டாள். அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கிழியும்னு தெரிஞ்சே தைக்கிற தையற்காரியை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்!" என்று அணில் கைகொட்டிச் சிரித்தது.

"கிழியட்டும்னுதான் தைச்சிருக்கேன். நீயும் உட்கார்ந்து பாரு" என்றாள் சிவத்தி. இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவளை ஒன்றும் செய்யவில்லை.

தளிர் மெல்ல மெல்ல நீண்டது. செம்பு நிறம் போய்ப் பச்சை ஏறியது. தொங்கிக்கொண்டிருந்த இலைகள் ஆளுக்கொரு பக்கமாக நிமிரப் பார்த்தன. நடுவே இருந்த தையல் விடவில்லை. ஒரு பகலில், காற்று மூச்சுவிடாமல் இருந்தபோது, அந்தத் தளிர்களில் ஒன்று சரக்கென்று கிழிந்தது. முற்றிய இலைகளில் போட்ட தையல் போட்டபடியே இருந்தது.

"வாங்க! எல்லாரும் வாங்க! கிழிஞ்சுடுச்சு!" என்று சிவத்தி கூவினாள். கல்யாணச் செய்தி சொல்லுகிற குரல் அது.

எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். சிவத்தி விளக்கினாள். "தளிர் சுலபமா வளையும், ஆனா அது இன்னும் வளர்ற பிள்ளை. நாம இறுக்கித் தைச்சுட்டோம்னு அது வளராம நிக்குமா? காத்து ஒண்ணும் பண்ணலை. சீக்கிரம் முடிச்சுப் பேரு வாங்கணும்னு தளிர்ல தைச்சது நான்."

அப்புறம் யாருமே எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். கிழிந்த இலையைக் கடித்து அறுத்துத் தூக்கிக்கொண்டு, மரம் கிளை பிரிகிற கவட்டுக்கு வந்தாள். எல்லோரும் போய்வருகிற பாதை அது. அங்கே பட்டையில் ஒரு தையல் போட்டு, இலையைத் தொங்கவிட்டாள்.

கூட்டத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. பேசவே பேசாத ஒல்லிச்சி என்ற தையற்காரி அவள்.

"போன வருஷம்... என் கூடு விழுந்துச்சே... நான் பழுக்க ஆரம்பிச்ச இலையில தைச்சுட்டேன். காம்பு கழண்டு கூடே கீழ போயிடுச்சு. காத்துன்னு சொல்லிட்டேன்."

"என் கூடு மாங்காய்க் காம்புப் பக்கத்துல இருந்துச்சு" என்றாள் இன்னொருத்தி. "காய் பெருத்ததும் கனம் தாங்காம கிளை தாழ்ந்து, கூடு இழுபட்டுப் பிரிஞ்சுது. நானும் காத்துன்னுதான் சொன்னேன்."

ஒருத்தி சொன்னதும் அடுத்தவளுக்குத் தைரியம் வந்தது. இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்கள். முடுக்கி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பேசி முடித்தபோது ஆடிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. ஆனால் எந்த இலையில் தைக்கக் கூடாது, எந்தக் கிளையில் தைக்கக் கூடாது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காய் இல்லாத ஒரு கிளையில், நன்றாக முற்றிய, பழுப்பு விழாத இலைகளாகப் பார்த்து எடுத்தார்கள்.

அப்பப்பா, அந்த இலைகள் என்ன முரண்டு பிடித்தன! இழுத்தால் வரவில்லை. சங்கிலி நீண்டது, இன்னும் நீண்டது. கால் நழுவி விழுந்தவள் திரும்ப ஏறி வந்து அடுத்தவள் இடுப்பைக் கவ்வினாள்.

"சீக்கிரம், சீக்கிரம்!" என்றாள் முடுக்கி.

"சரியா, சரியா!" என்று சங்கிலி முழுவதும் பதில் சொன்னது.

சிவத்தி ஒவ்வொரு தையலையும் போட்டுவிட்டு, இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் அடுத்ததற்கு நகர்ந்தாள். இதைக் கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ராணி கூட்டுக்குள் வந்தாள். முட்டைகள் வந்தன. காற்றும் வந்தது.

அந்த வருஷத்து ஆடிக் காற்றை அந்தக் காடு வெகுநாள் மறக்கவில்லை. மூங்கில் புதர் தரையோடு தரையாகப் படுத்து எழுந்தது. மாமரத்தின் கிளை ஒன்று முறிந்து ஓடையில் விழுந்தது. கூட்டுக்குள் முசுறுகள் முட்டைகளைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். கூடு ஆடியது, குலுங்கியது, தலைகீழாகக்கூடப் போய் வந்தது. சிவத்தி தையலின் மேல் தன் காலை வைத்துக்கொண்டே இருந்தாள். நூல் விண்ணென்று இறுகுவதும் தளர்வதும் அவள் காலுக்குத் தெரிந்தது. "தாங்கும். தாங்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தாங்கியது.

காற்று ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தபோது, கழுவி வைத்தது போலப் பச்சைப் பசேலென்று தாய்க்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முட்டைகூடக் குறையவில்லை. ராணி வெளியே வந்து கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இது என் ஜனங்கள் கட்டின கூடு" என்றாள். முசுறுகளுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. சிவத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கீழ்க்கிளையிலிருந்து முடுக்கி மெதுவாக ஏறி வந்தாள். 'சீக்கிரம்' என்று சொல்லவில்லை. அவள் வாயில் ஓர் இலை, ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. காவல்காரிகளுக்காக அவள் தனியாகத் தைத்திருந்த சின்னக் கூட்டின் இலை அது. அந்தக் கூடு காற்றில் போய்விட்டது. நல்லவேளை, உள்ளே இருந்தவர்கள் ஓடித் தப்பிவிட்டார்கள்.

நாவல் மரத்திலிருந்து அணில் எட்டிப் பார்த்தது. அதன் வாலெல்லாம் நனைந்து துடைப்பம் போல இருந்தது. ஆனாலும் நாக்குச் சும்மா இருக்குமா?

"மேஸ்திரியம்மா! இன்னிக்காவது 'காத்து அடிச்சுது, போச்சு'ன்னு சொல்லு. நானே சாட்சி சொல்றேன்!"

முடுக்கி நின்றாள். மேலே தாய்க்கூட்டைப் பார்த்தாள். தன் வாயிலிருந்த இலையைக் கிளையில் வைத்தாள்.

"காத்து அடிச்சுதுதான். ஆனா அதே காத்துல அந்தக் கூடு நிக்குதே" என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அவசரத்துல இந்த ஓரத்துக்குத் தையலே போடலை. நான்தான் விட்டுட்டேன்."

அணில் நனைந்த வாலைச் சுருட்டிக்கொண்டு இலைகளுக்குப் பின்னால் போய்விட்டது.

முடுக்கி இலையைத் தூக்கிக்கொண்டு தானே கவட்டுக்கு நடந்தாள். சிவத்தி அவளுக்கு முன்னால் ஓடிப்போய், அங்கே தொங்கிக்கொண்டிருந்த தன் கிழிந்த இலையைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டாள்.

நீதி: தன் தோல்விக்குக் காற்றைக் காரணம் சொல்பவர் மறுபடியும் தோற்பார், கிழிந்ததை எடுத்துப் பார்த்து "நான்தான்" என்று சொல்பவரின் வேலையே நிலைத்து நிற்கும்.